அப்பாவுக்கு ஓட்டம், மகளுக்குச் சைக்கிள்

குடும்பத்தோடு பந்தயத்துக்குப் போவது என்றதும், நாலு பேரும் ஒரே நிறப் பனியன் மாட்டிக்கொண்டு கைகோத்து ஓடுவதுதான் பலருக்கும் தோன்றுகிறது. திருநெல்வேலிக்காரர்களுக்கு எளிதில் கிடைக்கிற வாய்ப்பு வேறு மாதிரியானது. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ஐ ஒட்டி, நாள் கொஞ்சம் முன்பின்னாக, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற போட்டிகளைச் சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள்; பெரியவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம். அண்மை ஆண்டு அறிவிப்புகளின்படி, 13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10. 15 வயதுக்கு உட்பட்டோர், 17 வயதுக்கு உட்பட்டோர் ஆகிய பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண் பிள்ளைகளுக்கு 15. ஓட்டத்தில் 17 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 10. பெண்களுக்கு எந்த வயதானாலும் 5தான். இது எனக்கு உறுத்துகிறது. ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் வந்தது என்பார்கள். வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டதே! ஆனாலும் முதல்முறை ஓடப்போகிற ஒரு அம்மாவுக்கு 5 கிலோமீட்டர் நல்ல தூரம்.

ஆக, ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டாலும் அப்பாவும் மகளும் ஒரே பந்தயத்தில் இருக்க மாட்டார்கள். சேர்ந்து ஓடினால் பிள்ளையை அப்பா இழுப்பார், இல்லையென்றால் முதல் நூறு மீட்டரில் பாய்ந்துவிட்டுப் பிள்ளை உட்கார்ந்துவிடும். இங்கே அவரவர் வயதுக்காரரோடு அவரவர் மோதிக்கொள்ளலாம், மற்றவர்கள் ரோட்டோரம் நின்று சத்தம் போடலாம். எனக்கு இந்த ஏற்பாடே பிடித்திருக்கிறது.

சைக்கிளுக்குச் செலவு செய்ய வேண்டாம். கியர் இல்லாத, சாதாரணக் கைப்பிடி வைத்த, இந்தியாவில் செய்த வண்டிதான் கேட்கிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற விலையில்லா மிதிவண்டியே போதும். சீட்டின் உயரத்தை மட்டும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். முழங்கால் எந்நேரமும் மடங்கியே இருப்பதால் தொடை சீக்கிரம் கடுக்கும். பிரேக், காற்று, ஹெல்மெட் மூன்றையும் முந்தின நாளே பார்த்துவிட வேண்டும்.

பயிற்சியை ஆடியில் தொடங்கினால் காற்றோடு சண்டை போட வேண்டியிருக்கும். மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து பாய்ந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடிப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது கணக்கு. அதனால் போகும்போது மேற்கே பார்த்துப் போய், களைத்த காலோடு திரும்புகையில் காற்றை முதுகில் வாங்கச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் பிள்ளை பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்.

பெரியவர்களுக்கு வாரம் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தால் ஏழெட்டு வாரத்தில் 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடலாம். 10 ஓட வேண்டியவர் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுத் தொந்தரவு இருந்தால் முதலில் டாக்டர், பிறகு ஷூ. சரியான வேகத்துக்குக் கருவி வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. "ஆமா", "இல்ல" என்று சுருங்கினால் வேகம் அதிகம். அளந்து ஓட நினைத்தால் 400 மீட்டர் ஓடுபாதையில் பன்னிரண்டரைச் சுற்று. ரோடுதான் பிடிக்கும் என்றால் விடியற்காலையில், பஸ்கள் நிறையுமுன், கொக்கிரகுளத்திலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரை. 1843-இல் தன் கைக்காசைப் போட்டு அவர் கட்டிய பாலம், கீழே தாமிரபரணி.

செப்டம்பரில் குற்றாலத்துச் சாரல் ஓய்ந்துகொண்டிருக்கும், ஊருக்குள் வெயில் ஓயாது. ஓடும் உடம்பு வியர்வையால்தான் சூட்டை இறக்குகிறது. பிள்ளைகளுக்கு வியர்வை குறைவு, சூடு சட்டென்று ஏறும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். முந்தின இரவு உப்புப் போட்ட நீராகாரம் இருந்தால் இன்னும் நல்லது. பயத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். காலையில் ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி. அல்வாவைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். இருட்டுக்கடையும் அதற்கு முன்னால் திறக்காது.

ஓடி முடித்ததும் உட்காராதீர்கள். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது காலின் தசைதான். சட்டென்று நின்றால் அது தேங்கி, தலை சுற்றி விழுவார்கள். பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். ஆற்றில் குதிப்பதும் அதற்குப் பிறகுதான், அதுவும் இழுப்பில்லாத படித்துறையில்.

பை, செருப்பு, பசியில் அழும் கடைக்குட்டி இத்தனையையும் பார்த்துக்கொள்ள ஓடாத ஒருவர் வேண்டும், ஆச்சியைக் கூட்டிப்போங்கள். வயதுச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் நகல் மூன்றும் அவர் பையில் இருக்கட்டும். முதல் பரிசு 5000 ரூபாய் என்பதால் மட்டும் சொல்லவில்லை. பத்தாவதாக வருகிறவருக்கும் பணம் உண்டு, அது வங்கிக் கணக்கில்தான் வரும்.