ஆணி அறையாத சுவர்

சுவர் இருந்தாலன்றிச் சித்திரம் எழுத முடியாது என்பது முதுமொழி. உடம்பைப் பேணுதற்கு உவமையாகவே அதனை வகுப்பறையில் நாம் எடுத்தாளுகின்றோம். இன்று நான் அதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளப் போகின்றேன். என்னிடம் சித்திரங்கள் உண்டு; சுவரும் உண்டு. ஆயின் அச்சுவர் எனக்குரியதன்று. வாடகை வீட்டுச் சுவர். அதில் ஓர் ஆணியேனும் அறைதல் ஆகாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. இந்நிலையில் ஒருவன் தன் முன்னோரின் படங்களை எங்கே தூக்குவது?

இஃது எனக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து சென்ற செய்தியை இளைய மாணாக்கரும் பெற்றோர் வாய்க் கேட்டிருப்பர். காணி உறுதி, பிறப்புச் சான்று, சிறிது நகை, இரண்டு உடுப்பு என்னும் இவற்றோடு, சுவரிலிருந்த படங்களில் ஒன்றிரண்டையும் கழற்றிக்கொண்டு நடந்தவர் பலர். கண்ணாடியும் சட்டமும் பாரமென்று விட்டுப் படத்தை மட்டும் சேலை மடிப்பில் வைத்துக் கொணர்ந்தோரும் உளர். எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் இருபத்திரண்டு படங்கள் இருந்தன. இன்று என் கையில் எஞ்சியவை ஏழு. தலைப்பாகையுடன் நாற்காலியின் கைபிடித்து நிற்கும் பாட்டனார், பெற்றோரின் திருமணக் கோலம், ஊர்ப் பாடசாலை ஆசிரியர் குழாம், இப்படியாக ஏழு. வாடகை வீடு வாடகை வீடாக மாறிய இத்தனை ஆண்டுகளும் அவை றங்குப் பெட்டியின் அடியிலேயே கிடந்தன. சென்ற ஆண்டு பெட்டியைத் துப்புரவு செய்தபொழுது என் மகள் பாட்டனாரின் படத்தைத் தூக்கிக் காட்டி, “அப்பா, இவர் ஆர்?” என்று வினவினாள். இருபது வயது நிரம்பிய பிள்ளை தன் பூட்டனின் முகத்தை அறியாள். அன்றே அப்படங்களைச் சுவரேற்றுவதென்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரரிடம் சென்று கேட்டேன். “பண்டிதர் ஐயா, என்ன வேண்டுமெண்டாலும் செய்யுங்கோ. சுவரிலை மட்டும் ஆணி அடிச்சுப் போடாதேங்கோ” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நியாயம் அவர் பக்கமே. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பூமி. நம் பழைய வீடுகள் அக்கல்லாற் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசப்பெற்றவை. அச்சாந்து மென்மையானது, உள்ளிருக்கும் கல்லோ வலியது. ஆணி சாந்தை எளிதிற் துளைத்துக் கல்லில் முட்டியவுடன் வளையும். வளைந்த ஆணியைப் பிடுங்கும்போது உள்ளங்கை அளவு சாந்து உதிரும். தப்பித் தங்கிய ஆணியும் உப்புக் காற்றிலே துருப்பிடித்துப் பருத்துச் சில ஆண்டுகளிற் சுவரை வெடிக்கச் செய்யும். அந்தச் சாந்தைப் பழைய முறைப்படி குழைத்துப் பூச வல்ல மேசன்மார் இந்நாளில் அரியர். சீமெந்தால் அடைத்த ஓட்டையோ வெள்ளைச் சேலையில் ஒட்டுப் போட்டதுபோல நெடுந்தொலைவிலேயே தெரியும்.

ஆணியின்றிப் படம் ஏது என்று நாம் எண்ணுவது அண்மைக்கால வழக்கத்தின் விளைவே. படம் என்னும் சொல்லைச் சற்று ஆராய்ந்தால் உண்மை புலப்படும். அதன் முதற்பொருள் துணி. துணியில் எழுதிய உருவத்துக்கு அப்பெயர் ஆகி, பின்னர் எதில் எழுதினும் படமாயிற்று. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்த அரசமாதேவி அண்ணாந்து நோக்கும் விதானம் மெழுகு பூசிய துணியால் ஆயது. அதில் மேட இராசியும், ஞாயிறும், உரோகிணியைப் பிரியாத திங்களும் எழுதப்பட்டிருந்தன. நக்கீரர் அத்துணியைப் படம் என்றே குறிக்கின்றார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் பேசப்படுகின்றன. திரைச்சீலை எக்காலத்தும் மேலிருந்து தொங்குவதேயன்றிச் சுவரிலே தைக்கப்படுவதன்று.

மற்றொரு வகை, சுவரையே சித்திரமாக்குவது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவியக் கூடத்தில், காமனும் இரதியும் இவர், அகலிகை இவள் என்று கண்டோர் வினாவியும் விளக்கியும் நிற்கின்றனர். பாண்டியர் குலத்தில் ஒருவன் சித்திரமாடத்திலே உயிர் துறந்தமையாற் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றே பெயர் பெற்றான். நம் நாட்டுச் சீகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டுச் சித்திரங்களும் இவ்வகையின. சுவரோடு ஒன்றிய சித்திரத்துக்குச் சுவரின் கதியே கதி. 1967 இல் தீயோர் சிலர் சீகிரியாச் சித்திரங்கள் மீது சாயம் பூசிய காலத்தில் அவற்றைக் கழற்றி ஒளித்துவைக்க எவராலும் இயலவில்லை. றங்குப் பெட்டியில் அடங்கும் சித்திரத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு.

சட்டமும் கண்ணாடியும் கூடிய படம் நம் இல்லங்களிற் புகுந்தது பிற்காலத்தில். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது 1839 இல். இரவிவர்மாவின் அச்சகம் பம்பாயில் நிறுவப்பெற்றது 1894 இல். அதன் பின்னரே இலக்குமியும் சரசுவதியும் வண்ணத்தாளில் எளியோர் வீட்டுக்கும் வந்தனர். ஆணியும் சுத்தியலும் அவர்களுக்குப் பின்னே வந்தன.

மேனாட்டாரும் இவ்விடரை அறிந்தவரே. பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்து இலூவர் மாளிகையின் சதுரக் கூடத்தில் ஓவியக் காட்சிகள் நிகழ்ந்தன. நிலத்தருகிலிருந்து கூரையருகு வரை சட்டத்தோடு சட்டம் நெருங்க ஓவியங்களைத் தூக்கினர். ஒரு சுவர் முழுதும் படம் நிறைக்கும் இன்றைய வழக்கத்துக்கு அக்கூடமே தாய் என்பர். இங்கிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளிலோ, கூரைக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றி மரப்பட்டம் ஒன்று பதித்திருப்பர். அதன் விளிம்பிற் கொளுக்கியை மாட்டிக் கயிற்றாற் படத்தைத் தொங்கவிட்டால், எத்தனை முறை இடம் மாற்றினும் சாந்துக்கு ஊறில்லை. இதனைப் படித்தபொழுது எனக்கு நகை தோன்றியது. மரப்பட்டம் நம் வீட்டிலும் உண்டு. அண்ணாந்து பார்ப்பார்தாம் இல்லை.

ஓட்டுக் கூரையைத் தாங்கும் வளையையே குறிப்பிடுகின்றேன். நம் அறையில் பனை வளை ஒன்று சுவரை ஒட்டினாற்போல் ஓடுகின்றது. அதிலிருந்து இரு கயிறுகளை இறக்கி, ஆறடி நீள மூங்கிற் கழி ஒன்றைச் சுவருக்கு ஓரங்குலம் முன்னே கிடையாகக் கட்டினேன். கழியிலிருந்து படங்கள் தொங்கின. கயிற்றுக்குத் தங்கூசியைக் கொண்டேன். மீன்பிடிக்கும் நூலாதலின் வலிமை உண்டு, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது வழுக்கும் இயல்பினது. சாதாரண முடிச்சு தானே அவிழும். மீன்பிடிப்போர் போடும் பல சுற்று முடிச்சையே போட வேண்டும். படத்தின் நிறையைப்போல் ஐந்து மடங்கு தாங்கும் தங்கூசியை வாங்குக. செலவு சில ரூபாய்களே மிகும்.

கயிறு கட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. எங்கள் கல்லூரிக் கணித ஆசிரியர் அதனைக் கரும்பலகையிற் கீறி விளக்கினார். நான்கு கிலோ நிறையுள்ள படத்தை இரு பக்கத்தும் செங்குத்தாக இறங்கும் இரு கயிறுகளில் தொங்கவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோவே தாங்கும். அக்கயிறுகளைச் சரித்து நடுவில் ஒரு கொளுக்கியிற் சேர்த்தால் இழுவை ஏறும். கிடைக்கோட்டிலிருந்து 30 பாகைச் சரிவாயின் ஒவ்வொரு கயிறும் நான்கு கிலோ தாங்க வேண்டும். 10 பாகையாயின் பதினொரு கிலோவுக்கு மேல். இறுகக் கட்டினாற் பலம் என்று கருதுவோர் இதனைக் கவனிப்பாராக. இரு நேர்க்கயிறே நன்று. படம் ஒரு பக்கம் சாய்வதும் அதனால் நீங்கும்.

கூரை வளை காணாத கொன்கிறீற் மாடிவீட்டாருக்கு இவ்வழி உதவாது. அவர்களுக்கென ஒட்டும் பட்டிகள் கடைகளில் வந்துள்ளன. ஒன்றோடொன்று கவ்வும் இரு துண்டுகளுள் ஒன்று சுவரிலும் மற்றது சட்டத்தின் பின்னும் ஒட்டும். கழற்றும்போது அடியிலுள்ள வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால், பட்டி இரப்பர்போல் நீண்டு நீண்டு தடமின்றி விடுபடும். தன்னை நோக்கி இழுப்பவன் வண்ணத்தையும் உரித்தெடுப்பான். நன்றாகவே அமைந்த பொருள். ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். அது சுவரைப் பற்றுவதில்லை, சுவரின் மேற்பூச்சையே பற்றுகின்றது. விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும் சுண்ணாம்புச் சுவரில் அது பொடியோடு சேர்ந்து விழும். ஈரம் கசியும் சுவரிலும் சொரசொரத்த சுவரிலும் நில்லாது. வழுவழுப்பான வண்ணப்பூச்சுச் சுவரே அதற்கேற்ற நிலம். புதிதாக வண்ணம் பூசினால் ஒரு வாரமேனும் பொறுத்து, மதுசாரம் நனைத்த துணியாற் சுவரைத் துடைத்து, காய்ந்தபின் பட்டியை ஒட்டி அரை நிமிடம் அழுத்துக. ஒரு மணி நேரம் கழித்தே படத்தை ஏற்றுக. தாங்கும் நிறை பொதியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். கட்டிலுக்கு மேலும், ஈடில்லாப் பொருளுக்கும் இப்பட்டியைப் பயன்படுத்தற்க என்று செய்தவர்களே எச்சரிக்கின்றனர்.

இவ்விரண்டும் ஒவ்வாதார்க்கு வேறு வழிகளும் உள. புத்தக றாக்கையின் மேற்றட்டிற் சாய்த்து வைக்கலாம். பழைய சுவர்களிலுள்ள விளக்கு மாடம் சிறு படமொன்றுக்குக் கோயிலாகும். அகன்ற பனையோலைப் பாயைக் கழியில் தொங்கவிட்டு அதன் மேல் சட்டமில்லாப் படங்களை மூலைகளில் நூலாற் பிணைத்தல் என் மனைவியாரின் யோசனை. செய்து பார்த்தோம், மிக்க அழகு.

இனிப் படங்களை அடுக்கும் முறை. முதலில் நிலத்திற் பாயை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பின் ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் பழைய பத்திரிகைத் தாளை வெட்டிச் சுவரில் இலேசாகப் பொருத்தி நோக்குக. (இக்கட்டுரை வந்த தாளும் அடுத்த வாரம் அப்பணிக்கு உதவும்.) நடுப்படத்தின் மையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 57 அங்குல உயரத்தில் இருத்தல் நூதனசாலைகள் பல கைக்கொள்ளும் அளவு, நிற்பவரின் கண்ணுக்கு அது நேராகும். சட்டங்களுக்கிடையே இரண்டு மூன்று அங்குலம் போதும். எனக்கோ அளவுகோலைக் காட்டிலும் நன்னூலே துணைசெய்தது. ஒரே அளவான படங்களை நிரனிறையாக வைக்கலாம். எப்படி மாற்றினும் பொருள் கெடாதவை அடிமறிமாற்று. எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது தாப்பிசை. ஊசல் இருபுறமும் சென்று வருவதுபோல இடைநின்ற சொல் முன்னும் பின்னும் சென்று கூடுவது அது. பெற்றோரின் திருமணப் படத்தை நடுவில் வைத்தேன். அதன் இடப்பக்கம் தந்தை வழியார். வலப்பக்கம் தாய் வழியார். மகளுக்கு உறவுமுறை விளக்கும் வேலை பாதி குறைந்தது.

வெயில் படும் சுவரைத் தவிர்க்க வேண்டும். ஒளியால் வெளிறிய படம் மீண்டும் தெளியாது. சட்டத்தின் பின்மூலைகளிற் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று உலவும். பல்லி முட்டையிடவும் ஈரம் தங்கவும் இடம் குறையும். பழைய ஒளிப்படம் கண்ணாடியை நேரே தொடலாகாது. நம் காலநிலையின் புழுக்கத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிவிடும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போகும். இடையே தடித்த அட்டையாற் சாளரம் வெட்டி வைத்தல் வேண்டும். ஆயினும் சிறந்த வழி, ஒளிப்படக் கடையிற் பிரதி எடுப்பித்துப் பிரதியைச் சுவரிலும் மூலத்தை இருளிலும் வைப்பது. அங்ஙனமே செய்துள்ளேன். கழியில் தொங்குவன பிரதிகள். மூலங்கள் ஏழும் அமிலமற்ற தாளிற் பொதிந்து அலுமாரியில் உள்ளன. வேண்டுமானால் ஒரு கையால் எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

இப்போது மகள் ஒவ்வொரு பிரதியின் பின்னட்டையிலும் மென்மையான பென்சிலால் பெயர் எழுதி வருகின்றாள்: இன்னார், இன்ன ஊர், இன்ன உறவு. ஆறு படங்கள் முடிந்தன. ஏழாவது, ஆசிரியர் குழாத்தின் படம். அதன் பின்வரிசையில் நிற்கும் மூவரின் பெயர் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அப்பாடசாலையில் அக்காலத்திற் படித்த முதியவர் ஒருவர் கோப்பாயில் இருக்கின்றாராம். வரும் சனிக்கிழமை மாலை, படத்தின் பிரதி ஒன்றோடு அவரைப் போய்ப் பார்க்க எண்ணியிருக்கின்றோம்.