பறவைநாகத்தைக் கொன்றவர் பட்டியல்

சென்ற மார்கழி விடுமுறையிலே என் பழைய மாணாக்கர் ஒருவர் கனடாவிலிருந்து வந்து என்னைக் கண்டார். 1991ஆம் ஆண்டிலே, பதின்மூன்று வயதுச் சிறுவராய், தாய்மாமனோடு வாழும்பொருட்டு ரொறன்ரோ நகருக்குச் சென்றவர். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், “ஐயா, ஏடு தேடி ஊரூராய்த் திரிஞ்சவையைப் பற்றி அந்த நாளையில சொல்லித் தந்தியள். நானும் இப்ப ஒரு ஏடுதான் தேடுறன், ஆனா அது இனிக் கிடையாது” என்றார். எந்த நூலென்று வினவினேன். “நூலில்லை ஐயா, விளையாட்டு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சிரிப்பை எண்ணி இன்று நாணுகின்றேன்.

அவர் வாயிலாகக் கேட்டனவும், பின்னர் யானே தேடிக் கற்றனவும் ஈண்டுக் கூறுவேன். இணையம் இல்லந்தோறும் புகுவதற்கு முன்னரே, கணினி வைத்திருந்தோர் தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி பரிமாறிக்கொண்டனர். 1978ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பனிப்புயலால் சிக்காகோ நகரத்தார் வீட்டினுள் அடைபட்டிருந்த வேளையில், வாட் கிறிஸ்ரென்சன், றண்டி சூஸ் என்னும் இருவர் இதற்கென ஓர் அமைப்பை ஆக்கி, மாசி மாதத்திலே இயக்கினர். சுவரில் மாட்டிய அறிவித்தற் பலகையிலே தாள்களைக் குத்தி வைப்பதனை ஒத்தமையின் ‘புல்லட்டின் போட்’ என்பதே அதற்குப் பெயராயிற்று. பின்னர் இத்தகைய பலகைகள் வட அமெரிக்காவெங்கும் பல்கின. பெரும்பாலானவை ஒருவர் தம் படுக்கையறையிலே ஒரு கணினியையும் ஒரு தொலைபேசி இணைப்பையும் கொண்டு நடத்தியவை. ஒரு நேரத்திலே ஒருவரே உட்புகலாம். ஏனையோர் அவர் வெளியேறும்வரை மீண்டும் மீண்டும் எண்ணைச் சுழற்ற வேண்டியதுதான்.

இப்பலகைகளிலே விளையாட்டுக்கள் இருந்தன. பலகையிலிருந்து ஒரு கதவு வழியே வேறோர் அறைக்குச் செல்வது போன்றமையால் அவற்றைக் ‘கதவு’ விளையாட்டு என்றனர். சேத் றொபின்சன் 1989ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘லெஜன்ட் ஒவ் த றெட் டிறாகன்’ அவற்றுள் ஒன்று. ஒரு சிற்றூரைச் சிவப்புப் பறவைநாகம் அலைக்கின்றது; வீரன் காட்டிலே பொருது பன்னிரண்டு படிகள் உயர்ந்து அதனைக் கொல்லவேண்டும். படம் இல்லை, வண்ண எழுத்துக்களே உண்டு. ஒருநாளைக்கு இத்தனை போர் என்று வரையறையும் உண்டு. அன்றைய போர் முடிந்ததும் சத்திரத்திலோ திறந்த வயலிலோ உறங்கவேண்டும். வயலில் உறங்குபவனைப் பின்னர் அழைக்கும் வேறொருவர் கொன்றுவிடலாம். மறுநாள் அழைக்கும்போதுதான் தான் இறந்தமை அவனுக்குத் தெரியவரும்! ஒருவரையொருவர் ஒருகாலும் நேரிற் கண்டிலராயினும், பகையும் நட்பும் பரிகாசமும் அங்கே நாடோறும் வளர்ந்தன. நாகத்தைக் கொன்றவர் பெயர் ஒரு பட்டியலிற் பொறிக்கப்படும். அவர் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்குவார்.

என் மாணாக்கருக்குப் பள்ளியிலே ஆங்கிலம் தடுமாறிற்று. உச்சரிப்பைக் கேட்டு உடன்கற்றோர் நகைத்தனர். பலகையிலோ உச்சரிப்புக் கேட்பாரில்லை. புனைபெயரொன்று பூண்டு, மாமன் எழுமுன் விடியற்புறத்தே அழைத்து விளையாடினார். தாம் எழுத்துப் பிழையின்றி ஆங்கிலம் எழுதக் கற்றது அங்கேதான் என்கிறார். பகைவன் நகைக்காதபடி எழுத வேண்டியிருந்ததாம். 1994ஆம் ஆண்டிலே நாகத்தைக் கொன்றார். இரண்டாண்டுகள் கழித்து ஒருநாள் அழைத்தபோது, அவ்வெண் பாவனையில் இல்லையென்று ஒரு குரல் சொல்லிற்று. இணையத்தின் வரவால் அக்காலத்திலே பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

விளையாட்டு அழியவில்லை என்பதுதான் வியப்பு. பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்கள் இன்றுள்ளன. அவற்றிலே அதனை எவரும் ஓட்டலாம். என் மாணாக்கரும் ஓட்டிப் பார்த்தார். காடு இருந்தது, சத்திரம் இருந்தது, நாகமும் இருந்தது. பட்டியலோ வெறுமையாயிருந்தது. பெயர்களெல்லாம் பலகையை நடத்தியவரின் வட்டிலே கிடந்தவை. அவ்வட்டு எந்தக் குப்பையிற் போயிற்றோ!

இத்துறையிலே உழைப்போர் இல்லாமலில்லை. ஜேசன் ஸ்கொட் என்பவர் 1998ஆம் ஆண்டு தொடக்கம் பலகைகளிலே உலவிய எழுத்துக்களைத் திரட்டி வருகின்றார். பலகைகளை நடத்தியோரையும் பயன்படுத்தியோரையும் செவ்வி கண்டு 2005ஆம் ஆண்டிலே நீண்டதோர் ஆவணப்படமும் வெளியிட்டார். விளையாட்டுக்களின் குலமரபை ஆராய்வோரும் உளர். விண்வெளி வாணிகம் பற்றிய ‘ஸ்ரார் ட்றேடர்’ 1974ஆம் ஆண்டிலே எழுந்தது. அதன் சாயலிலே கிறிஸ் ஷெரிக் 1984ஆம் ஆண்டிலே ‘ட்றேட் வோர்ஸ்’ செய்தார். அதன் வழியிலே கரி மார்ட்டின் ஆக்கிய ‘ட்றேட் வோர்ஸ் 2002’ பெரும்புகழ் பெற்றது. மூலம், வழிநூல், பாடபேதம் என்று பழகிய என் போன்றோர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. நெஞ்சுக்கு இனிக்கவே செய்கின்றது.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. நிரலைக் காப்பாற்றியவுடன் விளையாட்டைக் காப்பாற்றிவிட்டதாகப் பலர் அமைதியடைகின்றனர். நம் கூத்துக்களிலே ஏட்டுப்பிரதி கையிலிருந்தும், ஆட்டுவித்த அண்ணாவியாரும் ஆடினவரும் மறைந்தபின், எந்தப் பாட்டுக்கு எந்த ஆட்டம் என்று தெரியாது திகைப்பதில்லையா? அன்று பலகையிலே விளையாடியோரில் இளையோரே இன்று ஐம்பதை அணுகிவிட்டனர். அவர்களைக் கேட்டெழுத வேண்டிய காலம் இதுவே.

“அந்தப் பட்டியலை அச்செடுக்கவில்லையோ?” என்று கேட்டேன். எடுத்தாராம். ஓரத்திலே துளைகளுள்ள நீளத்தாளிலே அச்சிட்டு, தம் பெயருக்குக் கீழே கோடிட்டு, அம்மாவுக்கு எழுதிய கடிதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாராம். அம்மையார் அதனைக் காணி உறுதிகளோடு தகரப்பெட்டியிலே வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி இடப்பெயர்விலே உறுதிகள் மட்டும் கையோடு போயின. மீண்டபோது பெட்டி அங்கே இல்லை.

நான் எழுந்து சென்று ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துவந்து அவர் கையிற் கொடுத்தேன். விறாந்தையிலே இருந்து, நினைவிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். பதினொன்று தேறின. மூன்றிலே அவருக்கே ஐயம் இருந்தது. அவற்றை அழிக்க முற்பட்டார். வேண்டாம், பக்கத்திலே உடுக்குறி இட்டு வையும் என்றேன்.