காளானும் குடலழற்சியும்

மழை பெய்த மறுநாள் மண்ணிலும் மரத்திலும் தோன்றும் காளான், பார்வைக்குச் செடிபோலத் தோன்றினும் செடியினத்தைச் சார்ந்ததன்று. பச்சையம் இன்மையால் தன் உணவைத் தானே ஆக்கமாட்டாத இது பங்கசுக் குலத்தைச் சேர்ந்தது. சீனத்திலும் யப்பானிலும் நெடுங்காலமாக மருந்தாகவும் வழங்கிவரும் இது, குடலழற்சியைத் தணிக்க வல்லதோ என்னும் வினா இக்காலத்து ஆராயப்படுகின்றது.

குடற்சுவர் எண்ணிறந்த பற்றீரியாக்களின் அயலில் இருப்பது. உடலின் காவற் கலங்கள் பகையையும் நட்பையும் பிரித்தறியாது ஓயாமற் போரிடுமாயின், அச்சுவர் வீங்கிப் புண்படும். பெருங்குடற் புண்ணழற்சியும் குரோன் நோயும் இவ்வாறு நெடுநாள் வருத்துவன.

காளானின் கலச்சுவரிலுள்ள பீற்றா குளுக்கன் என்னும் பொருளே இவ்வாராய்ச்சியில் முதலிடம் பெறுவது. சோற்றிலுள்ள மாப்பொருளைப் போல இதுவும் குளுக்கோசினாலான நீண்ட சங்கிலியே. ஆயின் இணைப்பு வேறு. அவ்விணைப்பை அறுக்கும் நொதியம் மனிதரிடம் இல்லை. ஆகவே அது செரியாது பெருங்குடலை அடைந்து இருவகையாற் செயற்படுகின்றது. ஒன்று: பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்துப் பியூற்றிரிக்கமிலம் முதலியவற்றை ஆக்குகின்றன. அவ்வமிலம் பெருங்குடற் கலங்களுக்கு உணவாவதுடன் அழற்சியையும் அடக்குகின்றது. மற்றையது: காவற் கலங்களின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் வாங்கியிற் பொருந்தி, அக்கலங்களைத் தூண்டுகின்றது. இவ்வாங்கி பீற்றா குளுக்கனை இனங்காண்பதை 2001ஆம் ஆண்டிற் பிரவுண், கோடன் என்னும் அறிஞர் காட்டினர்.

அத்தூண்டுதல் நன்றோ தீதோ? 2012இல் வெளிவந்த ஆய்வில் இவ்வாங்கி அற்ற எலிகள் கடும் அழற்சிக்கு ஆளாயின. 2015இல் வெளிவந்த ஆய்விலோ, அதன் செயலைத் தடுத்தபோது எலிகளின் அழற்சி தணிந்தது. விளக்கேற்றும் தீயே கூரையையும் எரிப்பதுபோல, தூண்டுதலின் பயன் குடலின் நிலையைப் பொறுத்ததாகும்.

மனிதரிடத்துச் சான்று இன்னும் சிறிதே. நோர்வேயில் பெருங்குடற் புண்ணழற்சியுடைய 50 பேரிடம் நடத்தப்பெற்று 2016இல் வெளியான சோதனையில், காளான் சாற்றை 21 நாள் அருந்தியோரின் நோய்க்குறிகள் ஓரளவு குறைந்தன. ஆயினும் சிலரிடம் சில நாளிற் கண்டது, வாழ்நாள் முழுதும் தொடரும் நோய்க்குத் தீர்ப்பாகாது.

எனவே, சமைத்த காளான் நல்லுணவு; அதன் சாறு ஆராயத்தக்க பொருள். அதனை நம்பி மருத்துவர் அளித்த மருந்தைக் கைவிடுவோர், அடங்கியிருந்த அழற்சி மீண்டும் மூள இடமளிப்பவராவர். நம்பிக்கை ஆராய்ச்சியைத் தூண்டலாம். ஆராய்ச்சியின் இடத்தை அது கொள்ளலாகாது.