பழைய மைக்கும் இருவழி வானொலியும்

மனிதனுடைய குரல் எட்டும் தூரம் மிகக் குறைவு. கரையில் நின்று எவ்வளவு உரக்கக் கூவினாலும் ஆழ்கடலில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்காது. இக்குறையைத் தீர்க்க வந்ததே வானொலி. வீட்டில் நாம் பாட்டுக் கேட்கும் வானொலியிடம் நாம் பேச முடியாது. பேசவும் கேட்கவும் உதவுவது இருவழி வானொலி. மூக்கையூர், வாலிநோக்கம் போன்ற நம் கடற்கரை ஊராருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் ஆபத்து நேர்ந்தால் அழைப்பதற்கென்றே 156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த நேரத்தில் இடமும் ஆட்களின் எண்ணிக்கையும் முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்க வேண்டும். அதற்கு நல்ல மைக் தேவை.

மைக் என்னும் ஒலிவாங்கியில் பல வகை உண்டு. முதலாவது கரித்துகள் மைக். மெல்லிய தகட்டின் பின்னால் கரித்துகள்கள் இருக்கும். நாம் பேசும்போது தகடு அதிர்ந்து துகள்களை நெருக்கும்; மின்தடை கூடிக் குறையும். இது இயங்க மின்கலம் வேண்டும். 1878ஆம் ஆண்டில் டேவிட் ஹியூஸ் என்பவர் இத்தத்துவத்தை விளக்கிக் காட்டினார். பழைய தொலைபேசிகளிலும், இரண்டாம் உலகப் போர்க்காலக் கருவிகளிலும் இருந்தது இதுவே.

இரண்டாவது, நம் திருவிழா மேடைகளில் மைக் செட்காரர் வைக்கும் வகை. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைந்து தானே சிறிதளவு மின்சாரம் உண்டாக்கும். மூன்றாவது படிக மைக். இதிலுள்ள ரோசெல் உப்புப் படிகம் ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். ஆகையால் நம் கடற்காற்றுக்கு ஆகாது. நான்காவது எலக்ட்ரெட் மைக். 1962இல் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்கார்ட் செஸ்லர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கினர். கைப்பேசியில் இடம்பெற்றதும் இவ்வகையே.

சரி, பழைய கரித்துகள் மைக்கை இன்றைய வானொலியோடு இணைப்பது எப்படி? கூட்டைத் திறந்து, இறுகிப்போன கரித்துகள் வில்லையை எடுத்துவிட்டு, எலக்ட்ரெட் வில்லையைப் பொருத்த வேண்டும். இதற்கு இரு முனைகள் உண்டு. உலோக உறையோடு தொட்டிருக்கும் முனை தரைமுனை. மற்ற முனைக்கு, வானொலி தரும் சுமார் 5 வோல்ட் மின்சாரத்தை 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாகக் கொடுக்க வேண்டும். அதே முனையிலிருந்து ஒரு கண்டென்சர் வழியாகக் குரலை எடுக்க வேண்டும். கண்டென்சர் நேர்மின்சாரத்தைத் தடுத்து, குரலின் அலைகளை மட்டும் விடும்.

அடுத்தது பேசும் பொத்தான். மேடை மைக்கிலுள்ள பொத்தான் ஒலியை நிறுத்துமே தவிர, வானொலியைப் பேசும் நிலைக்கு மாற்றாது. ஆகவே அழுத்தினால் இணைந்து, விட்டால் பிரியும் பொத்தான் வேண்டும். அதன் ஒரு கம்பி வானொலியின் கட்டுப்பாட்டு முனைக்கும், மற்றொன்று தரைக்கும் செல்லும். குரல் செல்லும் கம்பிக்கு வலை உறை போட்ட கம்பியே தேவை. இல்லாவிட்டால் இரைச்சலும் ஊளையும் புகும். செருகியின் முனைகள் கருவிக்குக் கருவி மாறுபடும். ஆகையால் கையேட்டைப் பார்த்து, மல்டிமீட்டரால் சோதித்த பின்பே ஈயப்பற்று வைக்க வேண்டும்.

குரல் புரிவதற்கு 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை போதும். கண்டென்சரின் மதிப்பைக் குறைத்தால் இயந்திரத்தின் தாழ்ந்த முழக்கம் குறையும். ஒரு பஞ்சு உறை போட்டால் காற்றின் இரைச்சலும் அடங்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. படகில் உயிர்காக்க வைத்திருக்கும் கருவியில் இத்தகைய சோதனைகளைச் செய்யக்கூடாது. இவை அமெச்சூர் வானொலிக்காரர்களின் வேலை. நம் நாட்டில் அதற்கு அரசுத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். நேபாளத்தில் பள்ளி நிறுவிய இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன் அடிகளார் புகழ்பெற்ற அமெச்சூர் வானொலிக்காரராகத் திகழ்ந்தார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலற்றபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் வானொலி மூலம் செய்திகளை அனுப்பினர். உறவினரின் நலம் அறியத் துடித்த குடும்பங்களுக்கு அக்குரல் எத்தனை ஆறுதலாய் இருந்திருக்கும்!

1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. செய்தித் தொடர்பு அறுந்துபோவது என்றால் என்ன என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். வகுப்பில் படிக்கும் மின்தடையும் காந்தமும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. மாணவியராகிய நாமும் இக்கலையைக் கற்று, ஆபத்து வேளையில் பிறருக்குக் குரலாய் நிற்போமாக!