கோடை விடுமுறையும் விவசாயிகளின் பிள்ளைகளும்

பிசானம் அறுவடை முடிந்து, வைக்கோல் போர் ஏறி, நஞ்சைகள் தரிசாகக் கிடக்கும் நாட்களில்தான் பள்ளிகளும் மூடப்படுகின்றன. தென்காசி, செங்கோட்டை, கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர் வட்டாரங்களில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை சுமார் நாற்பது நாட்கள் பிள்ளைகள் வீட்டில் இருப்பர். வெயில் கடுமையானால் இக்காலம் நீள்வதும் உண்டு. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு 2023 இல் ஜூன் 12 அன்றும், 2024 இல் ஜூன் 10 அன்றும்தான் பள்ளிகள் திறக்கப்பட்டன.

கார் பருவத்திற்கு விதை, உரம், உழவு என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் விவசாயி, பிள்ளைகளின் விடுமுறைக்கு எந்த ஏற்பாடும் செய்வதில்லை. விளைவு, பையன் பகல் முழுவதும் கிணற்றடியிலோ கைபேசியிலோ கிடப்பான். பெண் பிள்ளை தாயுடன் பீடித் தட்டின் முன் உட்காருவாள். விடுமுறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டார் கூடிப் பேசி, எந்த நேரத்தில் என்ன செய்வது, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தண்ணீரில் கவனம்

முதலில் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்தது. பலர் குளித்துக்கொண்டிருந்த நேரம். 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அருவிகளில் சீசன் என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான், மே மாதத்தில் பாறைதான் தெரியும் என்று எண்ணும் உள்ளூர்க்காரர்களுக்கே அது எதிர்பாராத நிகழ்ச்சி.

இதன் காரணம் எளிது. குற்றால மலை செங்குத்தானது. உச்சியில் பெய்யும் மழை சில நிமிடங்களில் அடிவாரத்துக்கு வந்துவிடும். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும், மேலே கோடை மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாவதும், இலை, சுள்ளி மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் முன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மலைமேல் கருமேகம் சூழ்ந்திருக்கும்போது அருவிப் பக்கம் போகவே கூடாது. குளிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தால், காவலர் கண்ணில் படாமல் போக வழி தெரியும் என்று உள்ளூர்ப் பையன்கள் பெருமை பேசுவது வழக்கம். அந்தப் பெருமையைப் பெற்றோர் ரசிக்கக் கூடாது.

அருவியைக் காட்டிலும் வீட்டுக்கு அருகில் உள்ள ஆபத்து குளங்களிலும் கிணறுகளிலும் இருக்கிறது. கோடையில் குளங்களில் வண்டல் மண் அள்ளுகிறோம். அள்ளிய இடம் ஆழக் குழியாகிறது. ஒரு மழையில் குழி நிரம்பினால் மேலே பார்க்கச் சமமான தண்ணீர்தான் தெரியும், உள்ளே ஆள் ஆழம் இருக்கும். ஆண்டுதோறும் இறங்கிக் குளித்த குளம்தானே என்று பிள்ளைகள் இறங்குவர். மண் எடுத்தவர்களே குழியின் ஓரத்தைச் சரிவாக வெட்டிவிடுவதும், கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதும் அரை மணி நேர வேலை.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர இதுவே தக்க காலம். முன்பு காய்ந்த தேங்காய் நெற்று இரண்டைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிப் பழக்கினார்கள். இன்றும் அது நல்ல முறையே. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் உடன் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டும். ஒருவன் மூழ்கினால் மற்றவன் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, நீண்ட கம்பு, காலி பிளாஸ்டிக் கேன் எது கிடைத்தாலும் வீசிப் பிடிக்கச் செய்து இழுக்க வேண்டும். இதை வீட்டிலேயே ஒருமுறை செய்து காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வெயிலும் விஷக்கடியும்

காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை வெளி வேலையும் விளையாட்டும் வேண்டாம். நீர்மோர், பதநீர், நுங்கு, இளநீர் எல்லாம் இக்காலத்தில் நம்மிடமே உள்ளவை. கடையில் விற்கும் நிறப் பானங்களுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பைக் கூட்டிவிடக் கூடாது.

வைக்கோல் போர், விறகுக் குவியல், ஓலைக் குவியல் இவற்றில் பாம்பு, தேள் ஒதுங்கும். பாம்பு கடித்தால் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதல். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எண்ணைச் சிறு பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

எந்த வேலை ஆகும், எது ஆகாது

விடுமுறையில் பிள்ளைகள் வயலில் உதவுவது புதிதல்ல, தவறுமல்ல. 2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்டோர் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்ப வேலையில், அது அபாயமற்றதாக இருந்தால், உதவலாம். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அனுப்பக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயமான வேலைகளில் அமர்த்தக் கூடாது.

பூச்சிமருந்து கலப்பதும் தெளிப்பதும் பிள்ளைகள் வேலையே அல்ல. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தோட்டங்களில் கத்தரி, தக்காளி, வெண்டைக்கு மருந்து அடித்த மறுநாளே பிள்ளைகளைக் காய் பறிக்க இறக்குவதைக் காணலாம். டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்புக் காலம் முடியும் முன் யாருமே பறிக்கக் கூடாது. காலி மருந்துப் புட்டிகளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஓட்டையிட்டு அப்புறப்படுத்த வேண்டும். கதிரடிக்கும் இயந்திரம், ஓடும் டிராக்டர், பம்புசெட் மின்பெட்டி இவற்றின் அருகிலும் வேலை தரக் கூடாது.

பீடி சுற்றுவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடையம், ஆலங்குளம் பக்கங்களில் பல குடும்பங்களுக்கு அதுவே கைக்காசு. விடுமுறையில் மகளும் சேர்ந்து உட்கார்ந்தால் எண்ணிக்கை கூடும் என்பது உண்மை. ஆனால் புகையிலைத் தூள் மூச்சிலும், நிகோடின் தோல் வழியாகவும் உடலில் ஏறுகிறது. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பிள்ளைகளுக்குக் கூடாத தொழிலாக இது சேர்க்கப்பட்டது. நாற்பது நாள் வருமானத்தைவிட, அந்தப் பெண் ஜூனில் பள்ளிக்குத் திரும்பிப் போவாளா என்பதே பெரிய கணக்கு. தட்டின் முன் பழகிய பிள்ளைகள் பலர் திரும்பிப் போவதில்லை.

பிள்ளைகள் கையில் ஆராய்ச்சி

அமெரிக்காவில் 1902 இல் ஓகையோ மாநிலத்தில் கிரகாம் என்ற பள்ளி அதிகாரி கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, மண் சோதனையும் விதைத் தேர்வும் கற்றுத் தந்தார். பிறகு பல மாநிலங்களில் மக்காச்சோளச் சங்கங்கள் தோன்றின. 1910 இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷல், அதாவது சுமார் 5,800 கிலோ மக்காச்சோளம் எடுத்தான். படித்தவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகும் தகப்பனார்கள், மகன் விளைவித்ததைக் கண்ணால் கண்டால் கேள்வி கேட்பார்கள்! நம் ஊரிலும் இதுவே நடக்கும்.

தரிசாக உள்ள வயலில் மண் மாதிரி எடுப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ற வேலை. ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில், மேலுள்ள சருகை அகற்றி, ஆங்கில 'வி' வடிவில் ஆறு அங்குல ஆழம் வெட்டி, பக்கத்து மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகாது. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, அரைக் கிலோ ஆகும் வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும். பெயர், புல எண், அடுத்த பயிர் ஆகியவற்றை எழுதி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால், கார் நாற்று நடும் முன் உர அளவு தெரியும்.

கார் பருவத்துக்கு வைத்துள்ள விதை நெல்லில் 100 மணிகளை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துவரச் சொல்லலாம். ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணட்டும். 80க்குக் குறைந்தால் அந்த விதையை மாற்ற வேண்டும். அப்பாவின் விதையை மகள் சோதித்து வேண்டாம் என்று சொல்லும் காட்சியும் சில வீடுகளில் நடக்கட்டுமே.

ஒரு சென்ட் இடத்தைப் பிள்ளையின் பெயரிலேயே விட்டுவிடுங்கள். தண்டுக்கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வந்துவிடும், விடுமுறைக்குள் விதைத்து விற்று முடிக்கலாம். வெண்டை முதல் பறிப்புக்கு 45 நாள் ஆகும். வரவு செலவை ஒரு நோட்டில் அவர்களே எழுத வேண்டும். தண்ணீர் இறைத்த கூலியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களே எழுதாத கணக்கு அது.

நேர்ச்சுவருள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து மழையை அளவுகோலால் அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். பத்து மில்லிமீட்டர் கோடை மழை என்றால் 40,000 லிட்டர். அந்த ஈரத்தில் கோடை உழவு போட்டோமா, விட்டுவிட்டோமா என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மே மாதத்தில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கும். அதிகாலையில் பொறுக்கி, தோல் நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்தால் வீட்டுக்கே பயிர் மருந்து ஆயிற்று. ஐந்து கிலோ வேப்பமுத்தை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டினால் 100 லிட்டர் தெளிப்புக் கரைசலுக்குப் போதும். விதைப்பதற்கானால் உடனே விதைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் வேம்பின் முளைப்புத் திறன் போய்விடும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு

இவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை. சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களைத் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு ஓடினால் கூட்டத்தில் நிற்க நேரும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண்மை, கால்நடை, மீன்வளம், பொறியியல் பட்டப் படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. இதைத் தெரியாத பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 1984 இல் தொடங்கிய கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி நமக்குத் தூரமில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே உள்ளது. அம்பை 16 நெல்லைப் பயிரிடும் விவசாயி, அது உருவான இடத்தை முன் அனுமதி பெற்றுப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டலாம்.

சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் தண்ணீர் வரும்போது நாற்றங்கால் வேலையும் பள்ளித் திறப்பும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த வாரத்தில் நாற்றுப் பறிக்க ஆள் குறைகிறது என்று பிள்ளைகளை இரண்டு நாள் நிறுத்த வேண்டாம். கூலி ஆளுக்கு மே மாதமே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.