‘சொந்தத்துல கல்யாணமா?’ - டாக்டர் ஏன் இதை முதலில் கேட்கிறார்?

குழந்தைக்கு ஒன்றரை வயசு. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. “இவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சமாதானம் சொல்லிச் சொல்லியே ஆறு மாதம் ஓடிவிட்டது. ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனால், டாக்டர் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே கேட்கிறார்: “சொந்தத்துல கல்யாணமா?”

தமிழ்நாட்டில் குழந்தைகள் நலப் பிரிவிலோ காது-மூக்கு-தொண்டைப் பிரிவிலோ டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அதைக் கேட்டதும் அந்தத் தாய் தலையைக் குனிந்துகொள்வதும் புதிதல்ல. ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்ன மாதிரி இருக்கும். ஆனால், டாக்டருக்குத் தேவை ஒரு கணக்கின் முதல் வரி, அவ்வளவுதான்.

ஸ்பேர் சாவி

நம் உடலின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. இவற்றில் புரதங்களைத் தயாரிக்கும் குறிப்புகளாகச் சுமார் 20,000 மரபணுக்கள். பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் சமாச்சாரத்தைத் தள்ளிவைத்தால், ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. வண்டிக்கு ஸ்பேர் சாவி இருப்பது மாதிரி. ஒன்று வளைந்துபோனாலும் இன்னொன்று வண்டியைக் கிளப்பிவிடும்.

இப்படி ஒரு பிரதி பழுதாகி, இன்னொன்றை வைத்து நன்றாக வாழ்பவரை ‘கேரியர்’ என்கிறார்கள். அவருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் பெரும்பாலும் தெரியாது. பயப்பட வேண்டாம், நம் எல்லோரிடமும் இப்படிச் சில பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒன்றுக்கு கேரியர்தான்.

சிக்கல், ஒரே மரபணுவில் பழுதுள்ள இருவர் சேரும்போது. ஒவ்வொருவரும் தன் இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றைக் குழந்தைக்குத் தருகிறார். நல்லதா, பழுதா என்பது காசு சுண்டுவது போல. இரண்டு பழுதும் ஒரே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிளஸ் டூ உயிரியலில் படித்த ‘ஒடுங்கு பண்பு’ இதுதான். மெண்டல் பட்டாணிச் செடியில் பார்த்த அதே விகிதம். தலசீமியா, சிக்கிள் செல், பிறவியிலேயே காது கேளாமையின் பல வகைகள் இப்படித்தான் வருகின்றன. பிறவிக் காது கேளாமைக்கு அடிக்கடிக் காரணமாகும் ‘ஜிஜேபி2’ என்ற மரபணுவும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கணீரென்று கேட்கும், குழந்தைக்குக் கேட்காது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “நாலில் ஒண்ணுதானே, மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி அடுத்த மூணும் நல்லாயிருக்கும்” என்று கணக்குப் போடுகிறார்கள். காசுக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே நான்கில் ஒன்று புதிதாகத் தொடங்குகிறது.

மரபணுவுக்கு முறை தெரியாது

நம் வழக்கத்தில் சித்தப்பா மகள் தங்கை; மாமன் மகள் முறைப்பெண். ஒருத்தியைக் கட்டிக்கொள்வது நினைத்தும் பார்க்க முடியாதது, இன்னொருத்தியைக் கட்டாவிட்டால் சண்டை. மரபணுவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இருவருமே உங்களோடு சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்பவர்கள். அக்கா மகள் என்றால் இன்னும் நெருக்கம், நான்கில் ஒரு பங்கு.

ஓர் உதாரணம். ஒரு பாட்டியிடம் அரிய பழுது ஒன்று ஒளிந்திருக்கிறது. அது மகனுக்குப் போக இரண்டில் ஒரு வாய்ப்பு. அவரிடமிருந்து பேரனுக்குப் போக மறுபடி இரண்டில் ஒன்று. ஆக, பேரனிடம் இருக்க நான்கில் ஒன்று. மகள் வழிப் பேத்திக்கும் அதே நான்கில் ஒன்று. இந்தப் பேரனும் பேத்தியும் திருமணம் செய்துகொண்டால், இருவருமே கேரியராக இருக்க 16-ல் ஒன்று. அவர்கள் குழந்தைக்கு நோய் வர 64-ல் ஒன்று. அதே பேரன் வெளியில் பெண் எடுக்கிறார், ஊரில் 100 பேரில் ஒருவர் இந்தப் பழுதுக்குக் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாய்ப்பு 1,600-ல் ஒன்று. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். பாட்டியின் மகனே அக்கா மகளைக் கட்டினால் 32-ல் ஒன்று.

இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு. பழுது எவ்வளவு அரியதோ, அவ்வளவுக்கு சொந்தத்தில் திருமணம் செய்வதன் கூடுதல் ஆபத்து பெரிதாகும். ‘சொந்தம் இல்லை, ஒரே சமூகம்தான்’ என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. பல நூற்றாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே மணமுடிக்கும் சமூகங்களில், சொந்தம் என்றே தெரியாத இருவர் ஒரே பழுதைச் சுமப்பது உண்டு.

அப்படியானால் சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் பிரச்சினையா? இல்லை. உறவில்லாத தம்பதிக்கும் 100 பிரசவத்தில் இரண்டு, மூன்று குழந்தைகள் ஏதாவது பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதாவது, 100-ல் 90-க்கும் மேல் நலமாகவே பிறக்கின்றன. “எங்க வீட்ல மூணு தலைமுறையா சொந்தம்தான், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் காசு நல்ல பக்கமாக விழுந்திருக்கிறது.

இந்தக் கவலையில் தூக்கம் தொலைத்தவர்களில் சார்லஸ் டார்வினும் ஒருவர். 1839-ல் அவர் கட்டிக்கொண்ட எம்மா, அம்மாவின் தம்பி மகள். நம் ஊர்க் கணக்கில் அசல் மாமன் மகள். பத்துக் குழந்தைகளில் மூன்று சிறுவயதிலேயே இறந்துபோயின. தன் திருமணம்தான் காரணமோ என்று கலங்கிய அவர், 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தத்துத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க முயன்றார். பிரிட்டன் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது.

ரத்த வகையும் பழியும்

“ரெண்டு பேருக்கும் ஒரே பிளட் குரூப், அதான் இப்படி” என்று அடித்துச் சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒரே ரத்த வகைக்கும் இந்த நோய்களுக்கும் சம்பந்தமே இல்லை. ரத்த வகையில் கவனிக்க வேண்டியது, அம்மா ஆர்எச் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்ற நிலை. அதற்கு ஆன்டி-டி ஊசி இருக்கிறது.

அடுத்தது பழி. பெரும்பாலும் அது மருமகள் தலையில்தான் விழும். ஒடுங்கு நோய் ஒருவரால் மட்டும் வரவே முடியாது. அவளிடமிருந்து ஒன்று, அவனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வேண்டும். சொந்தத்துத் திருமணம் என்றால், அந்த இரண்டுமே பழி சொல்கிற மாமியாரிடமிருந்தோ, அவர் கணவரிடமிருந்தோகூடக் கிளம்பியிருக்கலாம். பெண் குழந்தை பிறந்ததற்குத் திட்டுவதும் இதே ரகம். அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும். எக்ஸா ஒய்யா என்பது அப்பாவின் விந்தணுவோடு வருகிறது.

என்ன செய்யலாம்?

திருமணம் பேசி முடித்தவர்கள், முடிந்தால் குழந்தைக்குத் திட்டமிடும் முன், மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. தலசீமியாவுக்கு கேரியரா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையில் அறியலாம். வீட்டில் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை இருந்தால், அதன் மரபணுவை முதலில் சோதித்துக் குறிப்பிட்ட பழுதைக் கண்டுபிடிப்பது முக்கியம். அது தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் எதைத் தேடுவது என்று தெரியும். ஏற்கெனவே திருமணம் முடிந்தவர்கள், பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் செவித்திறனைச் சோதித்துவிட வேண்டும். காது கேளாமைக்கு உள்காதுக் கருவி பொருத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால், மொழி பழகும் வயது தாண்டிவிட்டால் பலன் குறைந்துவிடும். பாட்டியின் சமாதானத்தில் ஓடிய அந்த ஆறு மாதம் அதனால்தான் விலை அதிகம்.

ஆலோசகர் முதலில் கையில் எடுப்பது வெள்ளைத் தாளும் பேனாவும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் மணந்திருந்தால் நடுவே இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை வரைவார். அதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள். யாருக்கும் பேச்சு வராமல் இருந்ததா, அடிக்கடி ரத்தம் ஏற்றினார்களா, “சின்னதுலேயே போயிடுச்சு” என்று பெயர்கூடச் சொல்லாமல் கடந்துபோகும் குழந்தை யார், அதற்கு என்ன ஆனது என்று.