கையுறை

இக்காலத்தார் குளிருக்கும் தொழிலுக்குமாகக் கையில் மாட்டிக்கொள்ளும் உறையைக் கையுறை என்பர். பண்டைத் தமிழில் அச்சொற்குப் பொருள் வேறு. பெரியாரைக் காணச் செல்வார் கையிற் கொண்டு செல்லும் காணிக்கையே கையுறையாம். எளியார் ஒருவர் வேந்தர் முன் எதனை, எவ்வாறு அளித்தல் வேண்டும் என்பது பற்றி நம் நூல்களிற் காணப்படுவன சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் அறியத்தக்கது செவ்வி. அஃதாவது, அரசன் காட்சி தருதற்கு இசைந்த காலம். சிலப்பதிகாரக் காட்சிக் காதையில், பேரியாற்றங்கரையில் தங்கிய சேரன் செங்குட்டுவனைக் காணக் குன்றக் குறவர் பொருள்களைத் தலையிற் சுமந்து வருகின்றனர். அவர்க்கு இளங்கோவடிகள் காட்டும் உவமை, வஞ்சி முற்றத்தில் செவ்வி பெறாது திறை சுமந்து நிற்கும் பகைவரே. திறை கொணர்ந்த மன்னரே காத்து நின்றனரெனின், ஏனையோர் நிலை கூறவேண்டா.

அக்குறவர் கொணர்ந்தவை யாவை? யானைக்கோடு, அகில், கவரிமயிர், தேன்குடம், சந்தனம், ஏலம், மிளகு, பலா, புலிக்குட்டி, யானைக்கன்று, கிளி முதலாயின. ஒன்றேனும் விலைகொடுத்து வாங்கியதன்று. யாவும் அவர்தம் மலை தந்தவை. கடன்பட்டுப் பொன் கொணர்ந்திருப்பின் அது பொய்க்கோலமாய் முடிந்திருக்கும். பொருள்களை அளித்து அடிபணிந்து வாழ்த்திய பின்னரே, வேங்கை நிழலில் தாம் கண்ட கண்ணகியின் செய்தியை அவர் உரைத்தனர்.

கம்பர் காட்டும் குகனும் இத்தகையனே. சுற்றத்தாரைப் புறத்தே நிறுத்தி, வில்லும் வாளும் நீக்கி, தேனும் மீனும் கொண்டு இராமன்பாற் சென்றான்; இருக்கச் சொல்லியும் இருந்தானல்லன். தவக்கோலம் பூண்டார்க்கு மீன் ஏலாது என்பதை அவ்வேடன் எண்ணிற்றிலன். இராமனோ முனிவரை நோக்கி முறுவலித்து, அன்பினால் வந்தமையின் அவை தூயனவே என்றும், தானும் உண்டதாகவே கொள்க என்றும் கூறினான். உண்ணவும் இல்லை, கொணர்ந்தவன் நாணவும் இல்லை. கொடுப்பவர்க்குள்ள முறைகளினும் பெறுபவர்க்குள்ள இம்முறையே அரிதென்பது எம் கருத்து.

பெறுபவர் இதில் தவறின் எளியார் வாளா இருப்பரோ? 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் இருக்கின்றார். அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை அவர் ஏற்றிலர். தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றார். இளவெளிமான் தகுதியறியாது சிறிது ஈந்தபோது மறுத்து நீங்கி, குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து அவ்விளவெளிமான் காவல்மரத்திலேயே கட்டினார். வறுமையிலும் எத்துணை மிடுக்கு!

எங்கள் பரவையிற் பெரியோரைக் காணச் செல்வார்க்கு எலுமிச்சங்கனியே கையுறை. ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் துரையைக் காணச் சென்றோரும் அதனையே ஏந்திச் சென்றனர். ஏழைக்கும் எட்டுவது அது; வாங்கியவரைக் கடன்படுத்தாதது. சிறுவயதில் யாம் முதன்முறை ஒரு பெரியவரைக் காணச் சென்றபோது, எம் பாட்டனார் கனியைக் கையில் வைத்து, "இரு கையாலும் நீட்டப்பா. அவர் வாங்கி வைத்த பிறகு வந்த காரியத்தைச் சொல்லு" என்றார்.